போன ஸ்பீக்கர் திரும்பி வராமல் இருக்க

ஸ்பீக்கர் இரண்டே விதமாகத்தான் சாகும். ஒன்று வெந்து சாகும், இல்லாவிட்டால் கிழிந்து சாகும். கார் ஆடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒயர் இழுக்கவும் கதவு பேட் கழற்றவும் எல்லோரும் சொல்லித் தருவார்கள். செத்த ஸ்பீக்கரைக் கையில் வாங்கி, எதனால் செத்தது என்று பார்க்கச் சொல்லித் தருபவர் அபூர்வம். அதைத் தெரிந்தவரைத்தான் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். விற்றதில் வந்த லாபம் முழுவதையும் திரும்பி வரும் ஒரே ஒரு சப்வூஃபர் சாப்பிட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பரிசோதனைக்கு ஒரு மல்டிமீட்டரும் இரண்டு கைகளும் போதும். ஸ்பீக்கர் முனைகளில் ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். 4 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் உள்ளே கம்பி சுற்றிய காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. காயிலே எரிந்து அறுந்திருக்கலாம். முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் மட்டும் முறிந்திருக்கலாம். இரண்டாவது என்றால் பற்றவைத்துக் கொடுத்துவிடலாம், வாடிக்கையாளர் வாழ்நாள் முழுக்க உங்களை மறக்க மாட்டார். 2 ஓமுக்கும் கீழே இறங்கினால் காயில் சுற்றுகளின் பூச்சு வெந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது என்று பொருள். அதை ஆம்பில் மாட்டிப் பார்க்காதீர்கள், ஆம்பும் போய்விடும். டபுள் காயில் சப்வூஃபராக இருந்தால் இரண்டு காயிலையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அடுத்தது கை. கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் விரல்களை வைத்து, சாயாமல் நேராக மெல்ல அழுத்துங்கள். மணல் உரசுவதுபோல ஒரு சத்தம் கேட்டால் காயில் உப்பியிருக்கிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது. பிறகு மூக்கு: எரிந்த வார்னிஷ் வாசம் பல மாதம் போகாது. பிரித்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். காயில் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் தாங்கும் அளவைத் தாண்டி வெகுநேரம் வாட்ஸ் போயிருக்கிறது. காயிலின் அடி விளிம்பு நசுங்கியிருந்தால், கோன் பின்னால் பாய்ந்து காந்தத்தின் பின்தகட்டில் இடித்திருக்கிறது. கோனைப் பின்னாலிருந்து தாங்கும் மடிப்புத் துணியான ஸ்பைடர் கிழிந்திருந்தாலும் கோன் ஓர ரப்பர் பிய்ந்திருந்தாலும் அதே கதைதான்.

வெந்திருந்தால் ஆம்ப் பக்கம் போங்கள். கிழிந்திருந்தால் பெட்டிப் பக்கம் போங்கள். எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது என்றாலும், பத்தில் எட்டு கேஸுக்கு இந்த வழி சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

பெட்டி

சப்வூஃபரைப் பெட்டியில்லாமல் மேசையில் வைத்து ஓட்டினால் கோன் ஆடும், பாஸ் வராது. கோனின் முன்னால் தள்ளப்படும் காற்றும் பின்னால் இழுபடும் காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தைத் தடுத்து நிறுத்துவது பெட்டியின் முதல் வேலை. கோன் கட்டுமீறிப் பாயாமல் பிடித்துக்கொள்வது இரண்டாவது வேலை. தச்சர்கள் மறந்துபோவது இந்த இரண்டாவதைத்தான்.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். கோன் உள்ளே போனால் வெளியே தள்ளும், வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-ல் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான் சின்னப் பெட்டியில் ஆழமான பாஸ் தந்தது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைப்பாகும், கோன் குறைவாக ஆடும். பெட்டி பெரிதானால் ஸ்பிரிங் தளரும், அதே வாட்ஸுக்குக் கோன் அதிகம் ஆடும். ‘பெரிய பெட்டி, பெரிய பாஸ்’ என்று கேட்டு வருபவருக்குப் பெரிய பெட்டி கட்டிக் கொடுத்து, அதே பெரிய ஆம்பையும் மாட்டினால் ஸ்பைடர் கிழிவதற்கு நீங்களே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி.

எத்தனை லிட்டர் வேண்டும் என்று ஊகிக்க வேண்டாம். ஸ்பீக்கரோடு வரும் தாளைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள். எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ்., எக்ஸ்-மேக்ஸ் என்று அதில் சில எண்கள் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் விரித்துக் கொடுத்த கணக்கு அது. இன்று உலகில் எந்த ஊரில் பெட்டி கட்டினாலும் அந்த இருவரின் எண்களை வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. வி.ஏ.எஸ். எண்ணைப் பெட்டியின் லிட்டரால் வகுங்கள், 1 கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், க்யூ.டி.எஸ். எண்ணால் பெருக்குங்கள். வரும் விடை 0.7-க்குப் பக்கத்தில் இருந்தால் பாஸ் சமமாக இருக்கும். 1-ஐ நெருங்கினால் ஒரே சுருதியில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். உதாரணமாக ஒரு 12 அங்குல சப்வூஃபருக்கு க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 41 லிட்டர் பெட்டியில் விடை 0.7 வரும். டிக்கியில் இடமில்லை என்று 25 லிட்டரில் அடைத்தால் 0.83. அதுவும் தப்பில்லை, சத்தம் கொஞ்சம் பருமனாக இருக்கும், கோன் பத்திரமாக இருக்கும்.

இங்கேதான் தச்சர் கணக்கும் நம் கணக்கும் முட்டிக்கொள்ளும். 46 செ.மீ. அகலம், 37 உயரம், 35 ஆழம் என்று வெளி அளவு சொன்னால் பெருக்கிப் பார்த்து 59 லிட்டருக்கு மேல் என்பார். பலகை 18 மி.மீ. தடிமன், எல்லாப் பக்கமும் கழித்தால் உள்ளே 42.4-க்கு 33.4-க்கு 31.4. அது 44.5 லிட்டர்தான். ஸ்பீக்கரின் காந்தமும் ஃபிரேமும் இரண்டரை லிட்டர் பிடிக்கும், உள்ளே கொடுக்கும் தாங்குகட்டை ஒரு லிட்டர். மீதி 41. வெளி அளவை எழுதிக் கொடுக்காமல் உள் அளவை எழுதிக் கொடுத்து, ‘பலகை கனம் சேர்த்து வெட்டுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டால் சண்டை இல்லை. தயாரிப்பாளர் தாளில் லிட்டருக்குப் பதில் கன அடி இருந்தால் 28.3-ஆல் பெருக்குங்கள்.

போர்ட் வைத்த பெட்டிக்கு வருவோம். வாடிக்கையாளர் விரும்புவது இதைத்தான். ஸ்பீக்கர் அதிகம் கிழிவதும் இதில்தான். ஆல்பர்ட் துராஸ் என்பவர் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1932-ல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. கோனின் பின்பக்கக் காற்றை வீணாக்காமல் ஒரு குழாய் வழியே வெளியே விட்டு, குறிப்பிட்ட ஒரு அலைவரிசையில் குழாயையே பாட வைப்பது. அந்த அலைவரிசையில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், சத்தம் போர்ட்டிலிருந்து வரும். பார்த்தால் மாயம் போலிருக்கும். அதற்குக் கீழே போனால் மாயம் போய்விடும்: போர்ட் வெறும் ஓட்டையாகிறது, உள்ளே ஸ்பிரிங் இல்லை, கோனைப் பிடிக்க ஆளில்லை. 34 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்த பெட்டியில் 22 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று வந்தால் காதுக்கு எதுவும் கேட்காது. கோன் மட்டும் எக்ஸ்-மேக்ஸை, அதாவது அது ஆடக்கூடிய எல்லையை, தாண்டிப் பாய்ந்துகொண்டிருக்கும். பாஸ் கிடாரின் அடித் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பழைய பாட்டுகளில் இந்த ஆபத்து அதிகம் இல்லை. கணினியில் உருவாக்கிய இன்றைய பாஸ் 30-க்கும் கீழே சாதாரணமாக இறங்குகிறது.

இதற்கு மருந்து ஆம்பிலேயே இருக்கிறது. சப்சோனிக் என்று எழுதிய திருகு; அதில் வைத்த எண்ணுக்குக் கீழே உள்ள அதிர்வுகளை அது வடிகட்டிவிடும். 34 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு அதை 28 முதல் 30-க்குள் வையுங்கள். அந்தத் திருகு இல்லாத ஆம்பை போர்ட் பெட்டியோடு விற்காதீர்கள். முதலாளி சொன்னாலும் விற்காதீர்கள்.

போர்ட் நீளத்தில் கண்மதிப்பு வேலைக்கே ஆகாது. 50 லிட்டர் பெட்டிக்கு 10 செ.மீ. உள்விட்டமுள்ள ஒரு குழாய் வைத்து 34 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் குழாய் நீளம் 33 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். பெட்டிக்குள் இடிக்கிறது என்று பாதியாக, 17 செ.மீ.க்கு வெட்டினால் ட்யூனிங் 44-க்கு ஏறிவிடும். சத்தம் கூடினாற்போல இருக்கும், வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போவார். 44-க்குக் கீழே உள்ள எல்லாம் இனி ஸ்பைடரின் தலையில். பிளம்பிங் கடையில் 4 அங்குலம் என்று தரும் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 110 மி.மீ.; உள்விட்டத்தை அளந்து அதைத்தான் கணக்கில் போட வேண்டும். குழாய் குறுகலாக இருந்தால் காற்று சீறும் சத்தம் கேட்கும். இரண்டு குழாய் வைத்தால் சீறல் போகும், ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருமடங்கு நீளமாக வேண்டும். அதனால்தான் பெரிய பெட்டிகளில் பலகையாலேயே மடித்து நீண்ட போர்ட் கட்டுகிறார்கள். கணக்குப் போட வின்.ஐ.எஸ்.டி. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பழகிவிடும்.

என் யோசனை: முதல் வருடம் மூடிய பெட்டி மட்டும் கட்டுங்கள். சின்ன காருக்குள் மூடிய பெட்டி காட்டும் பலம் பலருக்குத் தெரிவதில்லை. கார் உள்ளறையே ஒரு அடைப்பு. இரண்டரை மீட்டர் நீளமுள்ள உள்ளறையில் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக பாஸ் தானாக உயர ஆரம்பிக்கும். மூடிய பெட்டியில் பாஸ் எந்தச் சரிவில் இறங்குகிறதோ, கிட்டத்தட்ட அதே சரிவில் கார் அதைத் தூக்கிவிடும். வீட்டில் சப்பென்று இருக்கும் பெட்டி ஹேட்ச்பேக்கில் ஆழமாக ஒலிப்பது இதனால்தான்.

பலகை விஷயம் சுருக்கமாக. 18 மி.மீ. எம்.டி.எஃப். நல்லது, ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். மழையில் டிக்கி ஒழுகும் வண்டிக்கும் கடலோர ஊர் வண்டிக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். எம்.டி.எஃப். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மூலைகளில் உள்ளே பசையோ சிலிக்கானோ ஓட்டி விடுங்கள். கட்டி முடித்ததும் 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஊதுபத்தியை ஏற்றி மூலைமூலையாகக் காட்டுங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே ஓட்டை. ஸ்பீக்கர் முனைகள் பொருத்திய பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் கசியும்.

கடையில் தயாராக வரும் கார்ப்பெட் சுற்றிய பெட்டிகள் எந்த ஸ்பீக்கருக்கும் சொந்தமில்லாதவை. விற்கலாம். விற்கும் முன் அளவு நாடாவை எடுத்து உள்ளே எத்தனை லிட்டர், போர்ட் எவ்வளவு நீளம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகுகள்

வெந்து செத்த ஸ்பீக்கர்களின் கதை முழுக்க ஆம்பின் திருகுகளில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியில் சத்தமாவது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான். மீதி அத்தனையும் காயிலில் சூடு. சூடேறிய செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 180 டிகிரி கூடினால் தடை 70 சதவீதம் கூடிவிடும். அதனால் ஒரு மணிநேரம் அலறிய சப்வூஃபர் முதல் பாட்டில் அடித்த அளவுக்கு அடிக்காது. வாடிக்கையாளர் என்ன செய்வார்? இன்னும் ஏற்றுவார். அடுத்து பசை இளகும், காயில் கழன்று வரும்.

‘சின்ன ஆம்ப் மாட்டினால் ஸ்பீக்கர் எரியும்’ என்று கடைக்குக் கடை சொல்வார்கள். பாதி உண்மை. ஆம்ப் சின்னதாக இருப்பதால் எரிவதில்லை. சின்ன ஆம்பைக் கதற விடுவதால் எரிகிறது. ஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டபின் அலையின் தலையை வெட்டிவிடும். இதுதான் கிளிப்பிங். வளைவான அலை சதுரமாகச் சதுரமாக, 100 வாட்ஸ் ஆம்ப் 200 வாட்ஸ் பக்கம் கொட்ட ஆரம்பிக்கும். பாட்டில் இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கமும் போய்விடுவதால் காயிலுக்கு ஆற நேரமில்லை. கூடவே உச்சத்தொனிச் சிதறல் ட்வீட்டருக்கும் போகும். 300 வாட்ஸ் ஸ்பீக்கரில் 500 வாட்ஸ் ஆம்பை ஒழுங்காக அளந்து மாட்டினால் பல வருடம் ஓடும். 150 வாட்ஸ் ஆம்பை முழுக்கத் திருகி மாட்டினால் பொங்கலுக்குள் திரும்பி வரும்.

கெயின் என்ற திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கு இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவையும் ஆம்பின் அளவையும் பொருத்துவதற்கு. அதை மல்டிமீட்டரால் வைக்கலாம். முதலில் ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், லவுட்னஸ், ஈக்குவலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒலியளவை முக்கால் பங்குக்கு வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைப் போடுங்கள். ஆம்ப் முனையில் ஏ.சி. வோல்ட் அளந்தபடி கெயினை மெல்லத் திருகுங்கள். எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது? ஆர்.எம்.எஸ். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். ஸ்பீக்கர் தாங்கும் வாட்ஸ், ஆம்ப் தரும் வாட்ஸ் இரண்டில் எது சிறியதோ அதைக் கணக்கில் எடுங்கள்.

மல்டிமீட்டர் வோல்ட்டைச் சொல்லும், அலையின் தலை வெட்டுப்பட்டதைச் சொல்லாது. அதைப் பார்க்கச் சின்ன ஆசிலோஸ்கோப் வேண்டும். கைக்கடக்கமான டிஜிட்டல் ஸ்கோப் இப்போது பெரிய விலையில்லை, சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் கிடைக்கும். அதை வாங்கிய பிறகு பல விஷயம் புரியும். விலை மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் சில, முழு ஒலியளவு போவதற்குள் தாங்களே அலையை வெட்டி அனுப்புகின்றன. ஆம்பில் எவ்வளவு கவனமாக வைத்தாலும் பயனில்லை. எந்த எண்ணில் வெட்டத் தொடங்குகிறது என்று ஸ்கோப்பில் பார்த்து, அதற்கு ஒரு படி கீழே வாடிக்கையாளருக்கு எல்லையாகச் சொல்லுங்கள்.

பாஸ் பூஸ்ட் திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். 3 டெசிபெல் கூட்டினால் வாட்ஸ் இரட்டிப்பு, 6 என்றால் நான்கு மடங்கு, முழுவதும் திருகி 12 வைத்தால் பதினாறு மடங்கு. அத்தனை வாட்ஸ் எந்த ஆம்பிலும் இல்லை. இருப்பதை வெட்டித்தான் தரும். டேஷ்போர்டில் மாட்டும் பாஸ் நாப் இருந்தால் அதை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு கெயினை அளந்து வையுங்கள். பிறகு வாடிக்கையாளரால் அதைக் குறைக்க மட்டுமே முடியும்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் வடிகட்டி, கட்டாயம். ஒரே சத்தத்துக்கு 80-லிருந்து 40-க்கு இறங்கினால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். ஆறரை அங்குல ஸ்பீக்கரிடம் அந்தத் தூரம் கிடையாது. சப்வூஃபர் இருக்கும் காரில் கதவு ஸ்பீக்கரிடம் பாஸ் கேட்பது அநியாயம். ட்வீட்டரைத் தனி ஆம்ப் சேனலில் நேராக மாட்டினால், எலெக்ட்ரானிக் கிராஸ்ஓவர் இருந்தாலும் ஒரு நான்-போலார் கப்பாசிட்டரை வரிசையில் சேருங்கள். 4 ஓம் ட்வீட்டருக்கு 47 மைக்ரோஃபாரட் போதும். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ‘டப்’ ஒன்றிலேயே ட்வீட்டர் போய்விடுவதுண்டு. செட்டிங் அழிந்துபோன நாளிலும் அந்தக் கப்பாசிட்டர் காவல் நிற்கும்.

பெட்டியின் மேல் 2000 வாட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் படிக்காமல், தாளில் ஆர்.எம்.எஸ். என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படியுங்கள். சி.இ.ஏ. 2006 என்ற தரக்குறியீடு போட்ட ஆம்ப் என்றால் 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதையாமல் அளந்த வாட்ஸ் அது, நம்பலாம்.

பேட்டரியிலிருந்து கதவு வரை

ஒயரில் மிச்சம் பிடித்தால் ஸ்பீக்கரில் செலவாகும். 1000 வாட்ஸ் கிளாஸ்-டி ஆம்ப் முழுவேகத்தில் 90 ஆம்பியர் பக்கம் இழுக்கும். மெல்லிய ஒயரில் வோல்ட் விழும். 14.4 வோல்ட்டில் ஓட வேண்டிய சாதாரண ஆம்ப் 11 வோல்ட்டில் ஓடினால் அதன் பலம் நூற்றுக்கு அறுபதுக்கும் கீழே போய்விடும், கிளிப்பிங் அவ்வளவு சீக்கிரம் வரும். செம்பு என்று சொல்லி விற்கும் ஒயர் கிட்டில் பல, உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சும்தான். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதைத்தான் போட வேண்டுமென்றால் ஒரு சைஸ் இரண்டு சைஸ் கூட்டிப் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற வைப்பதில்லை, காரைத் தீயிலிருந்து காப்பாற்ற வைப்பது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போடுங்கள்.

தனியார் பஸ்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். கொங்கு நாட்டுப் பக்கம் சவுண்டு செட்டுக்காகவே ஆள் ஏறும் பஸ்கள் உண்டு. பஸ் 24 வோல்ட், கார் ஆம்ப் 12 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுப்பது பல ஒர்க்‌ஷாப்பில் நடக்கிறது. அந்த ஒரு பேட்டரி எப்போதும் அரைப்பட்டினி, மற்றது எப்போதும் அளவுக்கு மீறிய சார்ஜ். இரண்டும் சீக்கிரம் போகும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டரை எஸ்டிமேட்டிலேயே சேருங்கள். ‘அது வேணாம் தம்பி, ஒத்தப் பேட்டரில குடுத்துரு’ என்று ஓனர் சொன்னால், பேட்டரி விலையைச் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர் என்றால் ஓம் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். 4 ஓம் டபுள் காயில் ஒன்றைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம். அப்படி இரண்டைப் பேரலலாக இணைத்தால் 1 ஓம். 2 ஓம் வரைதான் தாங்கும் ஆம்பில் அதை மாட்டினால் சூடேறி நிற்கும், அல்லது நிரந்தரமாக நிற்கும். பிளஸ் மைனஸ் சந்தேகம் என்றால் ஒரு சின்ன ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரே பெட்டிக்குள் இரண்டு சப்வூஃபரில் ஒன்று தலைகீழாக இருந்தால் பாஸும் வராது, காற்று ஸ்பிரிங்கும் இருக்காது.

கதவைப் பிரிக்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் மூடுவது இந்தத் தொழிலின் பொதுவியாதி. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீரை அந்தத் தாள்தான் தடுக்கிறது. பின் கண்ணாடிக்குக் கீழே பார்சல் தட்டில் வைத்த ஸ்பீக்கருக்கு வெயில்தான் எமன். ஃபோம் ஓரமுள்ள ஸ்பீக்கர் அங்கே சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் ஓரமுள்ளதை வையுங்கள். தரையில் டிரில் போடும் முன் காருக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள், பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கும். முன் கண்ணாடித் தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் காரில் ட்வீட்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டு எடுங்கள். வாரன்டி மறுக்கப்பட்டால் சர்வீஸ் சென்டர் கைகாட்டுவது உங்கள் டேப்பைத்தான்.

வண்டியை ஒப்படைக்கும்போது

ஜாப் கார்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஸ்பீக்கர் ஓம், கெயின் வைத்த வோல்ட், சப்சோனிக் எண், ஸ்டீரியோவில் தாண்டக்கூடாத ஒலியளவு. கெயின் திருகின் மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்து வாடிக்கையாளர் வாட்ஸாப்புக்கே அனுப்பிவிடுங்கள். மாமா பையன் வந்து திருகிப் பார்த்தான் என்பது அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். வாரன்டியில் காயில் எரிந்தது சேராது என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும், எரிந்தபின் சொன்னால் சண்டையாகத்தான் கேட்கும். ‘அண்ணே, கண்ணாடி அதிரணும்’ என்பவரிடம் முடியாது என்று சொல்லாமல், அதற்கு எந்த ஸ்பீக்கர், எந்தப் பெட்டி, எவ்வளவு பணம் என்று எழுதிக் காட்டுங்கள். பாதிப் பேர் மூடிய பெட்டிக்கு இறங்கி வருவார்கள்.

கூலி விஷயத்தில் நம் கடைகள் செய்யும் அசட்டுத்தனம், ட்யூனிங்கை இலவசமாகத் தருவது. பெட்டிக்கும் ஒயருக்கும் தனித்தனியே பில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஒரு மணிநேர வேலைக்குக் காசு வாங்குவதில்லை. காசு வாங்காத வேலைக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. கெயினைக் காதால் வைத்து வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். ட்யூனிங்கைத் தனி வரியாக எழுதி, அளந்த எண்களைக் கையில் கொடுத்தால் வாடிக்கையாளர் தருகிறார். ரீகோனிங் கற்றுக்கொண்டால் அது இன்னொரு வரும்படி. எரிந்த காயிலையும் கிழிந்த கோனையும் மாற்றத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

காதையும் கணக்கில் எடுங்கள். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணிநேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் பதினைந்து நிமிடம்தான். பாஸ் சோதிக்கும்போது காரை விட்டு வெளியே நில்லுங்கள், உள்ளே இருந்தே ஆகவேண்டுமென்றால் காதடைப்பான் போடுங்கள்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் அல்லது எலெக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவருக்கு மேலே சொன்ன கணக்குகள் ஒரு வாரத்தில் பிடிபடும். படிக்காதவருக்கு ஒரு மாதம். கார் ஆடியோ பொருத்துபவர்களுக்கு அமெரிக்காவில் தரும் எம்.இ.சி.பி. சான்றிதழை நம் கடைகளில் யாரும் கேட்பதில்லை. அதன் பாடத்தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டால் எதைப் படிக்க வேண்டும் என்று தெரியும். முதல் சம்பளத்தில் நல்ல மல்டிமீட்டர், அடுத்து ஸ்கோப், அடுத்து அளவு மைக். மைக்கோடு ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால் காருக்குள் எந்த அலைவரிசை எகிறுகிறது, எது பள்ளத்தில் கிடக்கிறது என்று கோடாகவே பார்த்துவிடலாம். பழகுவதற்கு வாடிக்கையாளர் வண்டி வேண்டாம். முதலாளி காரைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடையிலேயே மோசமாக ட்யூன் செய்த வண்டி அதுவாகத்தான் இருக்கும்.